கடை எண் மூன்றுக்கு நான்கு புள்ளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், அவளுக்கு முழங்காலும் எனக்கு வாயும் வழக்கம்போல் தொந்தரவு செய்வதைத் தவிர. நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், போனில் எப்போது கேட்டாலும் அந்த ஒரு பதிலைத்தானே சொல்கிறாய். நல்ல சம்பள வேலையை உதறிவிட்டு ஒரு வருஷமாகச் செஸ் போட்டி நடத்தும் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறாய், இருபதாம் தேதி முந்நூறு பள்ளிப் பிள்ளைகள் ஆடும் போட்டி அதை நம்பித்தான் நடக்கப்போகிறது, அதற்கு முன் கம்ப்யூட்டர் தெரியாத ஆள் யாராவது அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். தெரியாத ஆள் என்றதும் பெற்ற அப்பன் ஞாபகம் வந்தானே, சந்தோஷம். எங்கெல்லாம் தடுக்குகிறதோ மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நம் மார்க்கெட் சங்கத்து வருஷப் போட்டியை இந்தத் தடவை உன் புரோகிராமில் நடத்தலாம் என்று நான்தான் வீம்பாகச் சொன்னேன். சங்கத்து மாடி அறை, கிரீச்சிடும் மின்விசிறி, ஒன்பது ஆட்டக்காரர்கள், நான்கு சுற்று. வழக்கமாக இதையெல்லாம் உன் அம்மா பழைய பில் தாளின் பின்பக்கத்தில் எழுதி நடத்திவிடுவாள், அதற்கு அவள் யாரிடமும் பயிற்சி எடுத்ததில்லை. பெயர்களை அடித்து முடித்தேன். உடனே ஒவ்வொருவருக்கும் ஆட்டத் திறமைக்குக் கொடுக்கும் தரப்புள்ளி கேட்டது. கயிறு விற்கிறவனுக்கும் கண்ணாடி விற்கிறவனுக்கும் எந்த மகாராஜா தரப்புள்ளி கொடுத்தான்? காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்று கட்டம் சிவந்து நின்றது. வியாபாரி வாசலில் நின்று அழமாட்டான், கையில் இருப்பதை நீட்டி உள்ளே போவான். அவரவர் கடை எண்ணைப் போட்டேன். எனக்கு நூற்றுப் பதினெட்டு. உன் புரோகிராமுக்கு மகிழ்ச்சி, பச்சையாகிவிட்டது. கடை எண்ணையும் ஆட்டத் திறமையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சாமானுக்கா ஒரு வருஷம் கண் விழித்தாய்?

விளைவைக் கேள். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் கண்ணாடிக் கடைக்காரர், குதிரை எப்படிப் போகும் என்று பாதி ஆட்டத்தில் பக்கத்தில் கேட்கிறவர், முதல் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார். கம்ப்யூட்டரே என்னை முதல் ஆளாகப் போட்டிருக்கிறது என்று மாடி முழுக்கச் சொல்லிவிட்டு முதல் சுற்றிலேயே பதினைந்து நிமிஷத்தில் தோற்றார். ஆறு வருஷமாகத் தொடர்ந்து ஜெயிக்கும் பூட்டுக்காரருக்குக் கடை எண் மூன்று. ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் தரப்புள்ளியில் கடைசி ஆளுக்கு ஆடாமலே ஒரு புள்ளி என்று நீ வைத்திருக்கிறாயே, முதல் சுற்றில் அந்தத் தானம் அவருக்கு விழுந்தது. ஆட வந்த மனிதரை உட்கார வைத்துவிட்டோம். அவர் கோபப்படவில்லை. ஜன்னலோரம் நின்று, "பரவால்லண்ணே, என் கடைக்கு யாரும் வராத நாள் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

அதோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டாவது சுற்றில் என்னை அடித்தார், மூன்றாவதில் பூட்டுக்காரரிடம் தோற்றார், தோற்ற கையோடு பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடிவிட்டார். கடைசிச் சுற்றில் அவர் இல்லையே என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த நீக்கு என்பதை அழுத்தினேன். உன் புரோகிராம் ஆளோடு சேர்த்து அவர் ஆடிய ஆட்டங்களையும் துடைத்துவிட்டது. கடையை மூடிவிட்டுப் போனவன் அதுவரை விற்ற சாமான் விற்றதுதான் அம்மா, வாங்கினவன் வீட்டிலிருந்து அது பறந்து வராது. நான் அவரிடம் தோற்றது மறைந்தது. பூட்டுக்காரர் அவரை ஜெயித்ததும் மறைந்தது. கடைசிச் சுற்றும் முடிந்தபோது நான்கு புள்ளி இருக்க வேண்டிய பூட்டுக்காரருக்கு மூன்று, எனக்கும் மூன்று. சமம் என்றால் தரப்புள்ளி அதிகம் உள்ளவர் முதல் இடமாம். மூன்று பெரிதா, நூற்றுப் பதினெட்டு பெரிதா? பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

இனி நான் எழுதுவதை உன் அம்மாவிடம் போனில் கிளறாதே. அன்றைக்கு அவள் முழங்கால் வலியில் மாடி ஏறவில்லை, பில் தாளும் இல்லை. ஆனால் எனக்கு விரல் இருக்கிறது. மேஜைக்கு அடியில் எண்ணிப் பார்த்தேன், தப்பு என்று அங்கேயே தெரிந்தது. பேசாமல் இருந்தேன். ஆறு வருஷம் இரண்டாம் இடம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய கேள்வித்தாளையும் நிரப்பினேன். முடிவில் திருப்தியா என்று கேட்டிருந்தாய், ஐந்துக்கு ஐந்து போட்டேன். போடாமல் என்ன, கோப்பை என் குளிர்சாதனப் பெட்டி மேலல்லவா இருந்தது.

இரண்டு நாள் அது அங்கே இருந்தது. தண்ணீர் எடுக்கப் போனபோதெல்லாம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் முகம் அதில் தெரிந்தது. மூன்றாம் நாள் என் கடையைத் திறக்கும் முன்பே பையில் போட்டு எடுத்துக்கொண்டு மூன்றாம் எண்ணுக்குப் போனேன். புரோகிராமில் தப்பு, இப்போதுதான் கவனித்தேன் என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு சாவியை அராவிக்கொண்டே நிமிராமல் சொன்னார். "தெரியும்ணே. மேஜைக்கு அடியில நீங்க விரல் விட்டு எண்ணினத பாத்தேன். எத்தன நாள்ல எண்ணி முடிப்பீங்கன்னுதான் காத்திருந்தேன்." நாற்பது வருஷம் வியாபாரத்தில் என்னை இப்படி ஒருவர் மடக்கியதில்லை. உட்கார ஸ்டூல் போட்டார், கோப்பையைத் துடைத்து உளிகளுக்குப் பக்கத்தில் வைத்தார், மறுபடியும் அராவ ஆரம்பித்தார்.

ஆகவே தரப்புள்ளிக் கட்டத்தைக் காலியாக விட வழி செய். விலகியவரை விலகியவர் என்று காட்டு, ஆடியதை அழிக்காதே. இரண்டும் முடியாவிட்டால் இருபதாம் தேதி கௌரவம் பார்க்காமல் தாளும் பேனாவும் கொண்டு போ. பூட்டுக்காரருக்கு எண்ணத் தெரியும். பத்து வயசுப் பிள்ளைக்கு அது தெரியாது, தான்தான் தோற்றோம் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகும், எங்கோ ஒருவனுடைய பல்வலிக்காக. இன்னொன்று, அடுத்த தடவை சோதித்துப் பார்க்க ஜெயிக்கிறவனிடம் கொடுக்காதே. தனக்குச் சாதகமான தப்பை எவனும் எழுதி அனுப்பமாட்டான், உன் அப்பனே அனுப்பவில்லை. தோற்றவனிடம் கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு, திரையை விட்டு எழுந்து நட. எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். மறக்காமல் அந்தக் கேள்வித்தாளில் என் ஐந்தைக் கோடு போட்டு அடித்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
கயிற்றுக் கடை, எண் நூற்றுப் பதினெட்டு
(இது கடை எண் மட்டுமே.)