கேற்றடியில் இறங்கி நடந்தவனுக்கு

என் நேசன் மச்சானுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிவிட்டது. டோர்செட் பார்க்கில் பனியெல்லாம் கரைந்து, பார்க்கிங் லொட் மூலையில் கறுத்துக் கிடந்த கடைசிக் குவியலும் காணாமல் போய்விட்டது. உன் அப்பாவுக்கு நாங்கள் போட்ட கடிதம் ஊரில் போய்ச் சேரவே இரண்டு மாதம் எடுத்ததாம். உன் சைக்கிள் எட்டாம் மாடிப் பல்கனியில்தான் நிற்கிறது. அதை மூடி நீ கட்டிவைத்த நீலத் தறப்பாளைப் போன ஞாயிறு வரை ஒருவரும் அவிழ்க்கவில்லை.

போன ஞாயிறு வதனி அவிழ்த்தாள். எனக்குப் போன் எடுத்து, "அண்ணை, சைக்கிள் ஏத்த உங்கட வானைக் கொண்டு வாங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் போய் வந்த காட்டு றோட்டுக்கு நானும் போகவேணும்," என்றாள்.

"உனக்கென்ன விசரே? அது சின்னக் கல்லுப் போட்ட கிறவல் றோட்டு, சறுக்கும்," என்றேன்.

"ஏன், நான் சைக்கிள் ஓடாத ஆளே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். உன் மனைவியோடு பேசி நீ எப்போதாவது வென்றிருக்கிறாயா? அவளுக்குத் தமையனாய்ப் பிறந்த நானும் வென்றதில்லை.

பிறம்ரன் வெயர்ஹவுஸில் ஐந்து நாளும் பெட்டி தூக்கி முதுகு முறிகிற மனிதன், ஞாயிறு காலையில் போர்த்துக்கொண்டு படுக்க வேண்டாமா? நீ என்னையும் எழுப்பி, என் வானுக்குள் இரண்டு சைக்கிளையும் ஏற்றி, ஒஷாவாவுக்கு வடக்கே அந்தக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாய். இங்கே வர முன் இங்கிலாந்தில் இருந்த இரண்டு வருடத்தில் உனக்குப் பிடித்த பைத்தியம் அது. அங்கே பெற்றோல் ஷெட் வேலையில் லீவு கிடைக்கிற நாளெல்லாம் பழைய சைக்கிள் ஒன்றில் தோட்டங்களுக்கு நடுவாலும் காட்டுக்குள்ளாலும் திரிந்தாயாம். வசந்தத்தில் மரங்களின் கீழே நிலம் தெரியாமல் நீலப் பூ பூத்திருக்கும் என்று நீ சொல்லி முடிக்க, என் கோப்பி ஆறிவிடும்.

அந்த வழிகளில் கால் மைலுக்கு ஒரு கேற் என்பாய். ஆடு மாடு வெளியே போகாமலிருக்க. ஒவ்வொன்றிலும் இறங்கி, திறந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், திரும்பச் சாத்த வேண்டும்.

"உப்பிடி இறங்கி ஏறவே நேரம் போயிருக்குமேயடா," என்றேன் ஒருநாள்.

"அதுதான் மச்சான் நல்லது. அங்கை எல்லாரும் இறங்குவினம்," என்றாய். அந்தப் பேச்சின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இங்கே கேற் கார்களுக்கு மட்டும். பக்கத்தில் சைக்கிள் போக இடைவெளி இருக்கிறது. எல்லோரும் நிறுத்தாமல் போவார்கள், நீ மட்டும் இறங்குவாய். யூனிஃபோம் போட்ட ஆள் யாரும் நின்றுவிட்டால் சொல்லவே வேண்டாம். ஐம்பது யார் தூரம் முன்னுக்கே இறங்கி, தொப்பியைக் கழற்றி, முன்சில்லைப் பார்த்தபடி உருட்டிக்கொண்டு போவாய். ஊரில் துவக்கோடு காவல் நின்ற சென்றியைக் கடக்கும்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்கி நடந்தோம். எங்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று, உனக்கு விடவில்லை என்று நினைத்தேன். ஒரு பிறந்தநாள் விழாவில் உன்னைப்போல நடந்து காட்டினேன். சபை சிரித்தது. நீயும் சிரித்தாய்.

இனி ஐப்பசி ஞாயிறுக்கு வருகிறேன். நாங்கள் கடைசியாகப் போன நாள். கேற்றடியில் பச்சை யூனிஃபோமில் காட்டுக் காவலர் ஒருவர் நின்று, இறுக்கமான உடுப்புப் போட்ட மூன்று வெள்ளைக்காரச் சைக்கிள்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். நீ தூரத்திலேயே இறங்கிவிட்டாய். நான் சைக்கிளில் ஓடிப்போய் அவர்களுக்குக் கிட்ட வந்துவிட்டேன். அவர்கள் உன்னைப் பார்த்தார்கள். குனிந்த தலையும் கையில் தொப்பியுமாக நீ வருகிற வரவைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "அவருக்குச் சுகமில்லையா? உங்களோடு வந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் "இல்லை" என்றேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம், வேறென்ன. சொல்லிவிட்டு மிதித்தேன். அவர்களுக்குத் தெரியாத இடத்தில், வளைவுக்கு அங்கால், பைன் மரங்களுக்குப் பின்னால் போய் நின்றேன். நீ வந்தாய். "போவமே?" என்று மட்டும் கேட்டாய். திரும்பி வரும் வழியில் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தாய். பிறகு குளிர் வந்தது, சைக்கிளைக் கட்டி வைத்தோம். மாசியில் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்த நீ பிறகு எழும்பவில்லை.

நான் சொன்ன அந்த "இல்லை" உனக்குக் கேட்டதா, மச்சான்?

போன ஞாயிறு வதனி உன் சைக்கிளில் சீற்றைப் பதித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். கிறவல் நனைந்து இறுகியிருந்ததால் சறுக்கவில்லை. கேற்றடியில் ஆள் அரவமே இல்லை. ஆனாலும் அவள் இறங்கினாள்.

"ஏனடி இறங்கினனீ? ஒருத்தரும் இல்லையே?"

அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னாள். உனக்குப் பத்தொன்பது வயதில், ஒருநாள் அவசரத்தில் சென்றியில் இறங்காமல் போய்விட்டாயாம். துவக்கோடு நின்றவர்கள் உன்னைப் பிடித்து, சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி மத்தியான வெயிலில் நிற்கவைத்தார்களாம். அந்த நேரம் பார்த்து உன் அப்பா சந்தையால் வந்தாராம். இறங்கினாராம். தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு, நீ நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி, தலை நிமிராமல் போனாராம்.

"தன்ர பிள்ளை எண்டு காட்டினால் அவரையும் பிடிச்சிருப்பாங்கள். மாமா செய்தது சரி எண்டுதான் இவர் எப்பவும் சொல்லுவார்," என்றாள். "ஆனா அதுக்குப் பிறகு யூனிஃபோமைக் கண்டால் இவருக்குச் சைக்கிள் ஓட ஏலாது."

இது தெரியாமலா நான் சபையில் நடந்து காட்டினேன்? என் கால்கள் எனக்கே அந்நியமாய் இருந்தன.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவனோ? ஐப்பசியிலை வந்திட்டுப் போன அண்டைக்கு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஓம். அண்டைக்குச் சாப்பிடேக்கை சொன்னவர். 'அப்பா நிக்கேல்லை. நிண்டிருக்கவும் ஏலாது. ஆனா உன்ர அண்ணர் இண்டைக்கு வளைவிலை எனக்காக நிண்டவர், வதனி' எண்டு."

மச்சான், நான் அழுதுவிட்டேன். உன்னை நினைத்து அழுகிறேன் என்று அவள் என் முதுகைத் தடவினாள். நான் மறைந்து நின்றதை, உனக்காக நின்றதாக எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அல்லது எல்லாம் கேட்டும், என் தங்கையிடம் என்னைக் காப்பாற்றினாயா? இனி இதை எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

அவளிடம் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தமிழ்ப் பேப்பரில் போடக் கொடுக்க முன் அவள் கையில் கொடுப்பேன். ஏசுவாள். ஏசட்டும். உன்னை வைத்துச் சபையில் சிரிப்பு மூட்டியவன், சபையறியத்தான் இதையும் சொல்ல வேண்டும்.

அவள் என்னோடு பேசினால், வருகிற ஞாயிறும் போவோம். பேசாவிட்டால் நான் தனியே போவேன். தூரத்திலேயே இறங்கி, நீ நடந்த அந்த ஐம்பது யார் தூரமும் நடப்பேன். மறைந்து நிற்க மாட்டேன். ஏன் இறங்கி நடக்கிறாய், ஆரோடு வந்தாய் என்று எவர் கேட்டாலும், உன் பெயரைச் சொல்லி, அவனோடு வந்தேன் என்பேன். இது சத்தியம்.

உன்னோடு வந்த,
உன் மச்சான்.