மருந்துக்கு முன் இரண்டு வாரம்

என் அன்புச் சுண்டெலிக்கு, அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. தையல் ஆறிவிட்டதா, இரண்டு வாயாவது சாப்பிடுகிறாயா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

போனில் இதைப் பேச எனக்கு நா எழவில்லை, அதனால்தான் காகிதம். இரண்டு வாரத்துக்கு முன் நீ கூப்பிட்டு, கீமோவில் கருமுட்டைகள் அழிந்துபோகலாமாம், அதற்கு முன்னால் ஊசி போட்டு முட்டைகளை எடுத்து உறைய வைக்கப்போகிறேன், இரண்டு வாரம் ஆகும் என்றாய். "உசுரே ஊசலாடுது, இப்பப் பிள்ளைக்கு என்ன அவசரம்?" என்று கத்திவிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். மார்பில் கட்டியை எடுத்து இருபது நாள்கூட ஆகாத பெண்ணிடம் ஒரு அப்பன் பேசுகிற பேச்சா அது.

பயம்மா, வேறொன்றுமில்லை. அந்த இரண்டு வாரத்தில் மிச்சம் மீதி ஏதாவது வளர்ந்துவிடுமோ, ஊசியே அதற்குத் தீனியாகிவிடுமோ என்றுதான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நான் ஃபிரிட்ஜ் சர்வீஸ் பார்க்கும் மகப்பேறு கிளினிக்குக்குப் போய்க் கர்ப்பிணிகளுக்கு நடுவே டூல்ஸ் பையோடு உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இன்னிக்கு எதுவும் ரிப்பேர் இல்லையே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். புற்றுநோய் டாக்டரும் கருத்தரிப்பு டாக்டரும் கலந்து பேசித்தான் நாள் குறிப்பார்களாம், ஹார்மோன் ரொம்ப ஏறாமலிருக்க மாத்திரையும் கொடுப்பார்களாம், இதனால் நோய் திரும்புவது கூடியதாக இதுவரை தெரியவில்லையாம். "குழந்தை நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆனா கீமோ முடிஞ்சு யோசிச்சா, அப்ப எடுக்க முட்டை இல்லாமப் போயிடலாம்" என்றார். கரண்ட் போனால் முட்டை என்ன ஆகும் என்றுகூடக் கேட்டேன், முப்பது வருஷமாக உருகிப்போன ஃபிரீசர்களைப் பார்த்தவன் வேறென்ன கேட்பேன். அது கரண்டில் இல்லை, திரவ நைட்ரஜனில் இருக்கும் என்று சிரித்தார்.

ஓடி வந்து அம்மாவிடம் சொன்னால், அவள் முந்தின நாளே நீ ஊசியைத் தொடங்கிவிட்டாய் என்கிறாள். அப்பாவிடம் சொல்லாதே என்றாயாம். அங்கே தனியாக, கண்ணாடி முன் நின்று, உன் வயிற்றில் நீயே குத்திக்கொண்டாயாம். அதற்கப்புறம் எத்தனை முறை உன் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்னே வைத்தேன் என்று அம்மாவைக் கேள். நேற்று ஒன்பது முட்டை எடுத்தாயிற்று என்று அவளுக்குச் செய்தி வந்தது. எனக்குக் காட்டாமலேயே காட்டினாள், போனை மேசைமேல் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்.

திங்கட்கிழமை கீமோ. பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். என் பிள்ளை எனக்கு வேண்டும் என்றுதான் அன்று கத்தினேன். உன் பிள்ளை உனக்கு வேண்டும் என்றுதானே நீயும் கேட்டாய். அது என் மண்டையில் ஏறவில்லை, மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை அம்மா வந்துவிடுவாள், இதை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அறுவை செய்த பக்கத்துக் கையால் அவள் பெட்டியைத் தூக்காதே. ஒரே ஒரு முறை எனக்கும் போன் பண்ணு.

உன் பயந்தாங்கொள்ளி அப்பா