ஆயில் படாத பக்கம்

14 அக்டோபர் 1999, வியாழன்

சோப்புப் போட்டும் கையில் ஆயில் நாற்றம். அகரம் ஊர்த் தோட்டத்தில் அந்தப் பட்டுப்போன இலுப்பையை வெட்ட வேண்டாம் என்று தோட்டக்காரர் செல்வம் அண்ணனிடம் கெஞ்சியிருந்தேன். அரிய வண்டு ஒன்றை நான் பார்த்த ஒரே மரம் அது. இன்று போனால், கழிவு ஆயில் பூசிக்கொண்டிருக்கிறார்.

“கரையான் அரிச்சிருமேப்பு. நீதான பத்திரமாப் பாத்துக்கச் சொன்ன?”

வண்டின் புழுக்கள் மரத்துக்குள்தான் வளர்கின்றன, ஆயில் ஊறினால் செத்துவிடும் என்றேன்.

“புழுவுக்கா இம்புட்டு நாளு காவல் காத்தேன்?”

சிரித்தார். பிறகு இருவருமாக ஆயில் பட்ட பட்டையைச் சீவி எறிந்தோம். நல்லவேளை, ஒரு பக்கம்தான் பூசியிருந்தார். மறுபக்கத்தில் காதை வைத்தார். உள்ளே புழு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். கையமர்த்தினார்.

“செத்த நேரம் பேசாம இரு. திங்கிது.”