உள்ளங்கைச் சிவப்பு

பழவேற்காடு
24-2-1954

நாத்தனார் மெஹர்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்லாமல் எழுதினால் பாவம், அதனால் சொன்னேன். நலமா என்று கேட்கப் போவதில்லை.

உன் அண்ணனின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தாய். என் முக்காடு நழுவியது. அத்தனை பெண்களுக்கு நடுவில் விரலை நீட்டினாய். "அண்ணி தலையைப் பாருங்கடி! புருசன் போயி இத்தா முடியல, மருதாணி பூசிக்கினு குந்திக்கினு கீறா!" சொன்னாயா இல்லையா? பக்கத்து வீட்டு பீவி ஜான் வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்து பார்த்தாள். இப்போது தெருவே பேசுகிறது.

புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கணும், மருதாணி தொடக்கூடாது என்று பேரன் பேத்தி எடுத்த எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். கண் இருந்தால் வேரைப் பார்த்திருப்பாய். நெல்லளவு வெள்ளை முளைத்திருந்தது. நேற்றுப் பூசின தலையில் வேர் வெளுத்திருக்குமா?

பூசினது உன் அண்ணன். மௌத்தாவதற்கு இரண்டு நாள் முன்னால். எனக்குத் தோள் தூக்க வரவில்லை. "குந்து, நான் பூசி வுடறேன்" என்றார். மருதாணியோடு வெந்தயமும் நெல்லிமுள்ளியும் அரைத்து, தேயிலைத் தண்ணீர் விட்டு, இரும்புச் சட்டியில் முதல் நாளே ஊறவைத்தவரும் அவர்தான். முப்பத்திரண்டு வருஷமாக அது அவருடைய பக்குவம். ஏன் ஆரம்பித்தார்? எங்கள் நிக்காஹ் அன்று, "பொண்ணு முடி எலிவாலு மாதிரி கீது" என்றாயே, அதனால். அன்று நீ பச்சைத் தாவணி. நான் மறக்கவில்லை.

நம்பாவிட்டால் உன் புருஷனைக் கேள். மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றினவர் அவர்தானே.

குல்சும்


திருவள்ளூர்
3-3-1954

அன்புள்ள அண்ணிக்கு,

அலைக்கும் சலாம். கேட்டேன். அவர் சொன்னார்: "மச்சானுக்கு வலது உள்ளங்கை செக்கச் செவேல்னு இருந்துச்சி. எவ்ளோ தேச்சும் போவல. ஆம்பள கையில மருதாணியான்னு ஊரு சிரிக்கும்னு கபன் துணியை இழுத்து மூடிட்டோம்."

அண்ணன் கையோடு எடுத்துப் போனதை, உங்கள் தலையில் குற்றமாகப் பார்த்துவிட்டேன். சோறு இறங்கவில்லை அண்ணி. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மெஹர்னிசா


பழவேற்காடு
21-5-1954

மெஹர்னிசாவுக்கு,

உன் கடிதம் வந்து எழுபத்தேழு நாள். வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. நேற்று இத்தா முடிந்தது.

விரல் நீட்டும்போது பத்துப் பேர் பார்த்தார்கள். மன்னிப்பு மட்டும் தபாலில் வருமா? நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வா. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடி. மருதாணி இலை காயவைத்து இடித்து வைத்திருக்கிறேன். பீவி ஜானையும் மற்றவர்களையும் கூப்பிடுவேன். அவர்கள் பார்க்க நீதான் என் தலைக்குப் பூச வேண்டும். கையில் துணி சுற்றக்கூடாது. நீட்டின அதே விரலால் பூசு. பெருநாளன்று உன் ஊரில் யாராவது அந்தச் சிவப்பு ஏது என்று கேட்டால், நீயே வாயைத் திறந்து சொல்.

வெள்ளை இப்போது மூன்று விரற்கடை ஏறிவிட்டது. அதில் மட்டும் பூசு. கீழே இருப்பது அவர் பூசினது. அதைத் தொடாதே.

உன் அண்ணி
குல்சும்