வலது கை எங்கே போகிறது

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து புழுதிக் காற்று. பால்கனியில் காயப்போட்ட பயிற்சி உடை பறந்து கீழ்வீட்டுக்காரர் ரோஜாச் செடி மேல். இறங்கிப் போய், மன்னிப்புக் கேட்டு, எடுத்து வந்து, திரும்ப அலசினேன். அதற்குள் ஒன்பது மணி மீட்டிங். கேமராவை அணைத்துவிட்டுப் பிழிந்தேன்.

ஞாயிறு தேர்வு. கெண்டோவில், ஜப்பானிய வாள்சண்டையில், முதல் டான் பட்டம். இன்னும் ஐந்து நாள்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு தடவை போய்த் தோற்றாயிற்று. வீட்டில் சொன்ன காரணம்: கணுக்கால் பிசகிவிட்டது. பயிற்சிக்குப் போகும் டோஜோவில் சொன்னது: கை மரத்துப் போனது. இரண்டும் பொய். ஒரே பொய்யை எல்லாரிடமும் சொல்லியிருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளவாவது சுலபம்.

நிஜத்தை இங்கே எழுதி வைக்கிறேன். அன்று எதிரில் நின்றவளும் நானும் மூங்கில் வாள்கள் பிணைந்து, மூச்சு படுகிற தூரத்தில். அவள் பாதத்தை மிதித்துவிட்டேன். உடனே என் வலது கை வாளை விட்டது. அவளைத் தொட்டது. கண்ணில் ஒற்றிக்கொள்ள மேலே வந்தது. முகத்தில் இரும்புக் கம்பிக் கூண்டு, கையில் தலையணை கனத்தில் உறை. டங்கென்று இடித்தது. எனக்குக் கண்ணில் அடிபட்டுவிட்டது என்று நினைத்துத் தேர்வாளர்கள் ஓடி வந்தார்கள். அதோடு முடிந்தது கதை.

கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வது. புத்தகம், பேப்பர், பக்கத்தில் தூங்குகிறவர், எதுவானாலும். நடு ஆட்டத்தில், எதிரியிடம் போய்! உலகத்தில் யாராவது இப்படித் தோற்றிருப்பார்களா?

சாயங்காலம் 635 நெடுஞ்சாலையில் ஒன்றே கால் மணி நேரம் ஊர்ந்து ரிச்சர்ட்சன். டோஜோ என்று பேர்தான், ரெக்ரியேஷன் சென்டரின் கூடைப்பந்து ஜிம். சொல்லிக்கொடுக்கும் டேல் சென்செய் ஒரு பார்மசிஸ்ட், என்னைவிட மூன்று வயது இளையவர். என்னை மிஸஸ் யூனோடு நிறுத்தினார். மிஸஸ் யூனுக்கு ஐம்பத்தெட்டு வயது, பக்கத்து ஊர் ஆலனில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் தேர்வு, அவருக்கும் இரண்டாம் முறை. இன்றும் நெருங்கி நின்றபோது கால் பட்டது, கை பாதி தூரம் கிளம்பிவிட்டது. அந்த நேரத்தில் மண்டையில் ஒன்று வைத்தார். காது இன்னும் ரீங்காரம்.

டேல் பொறுமையாகக் கேட்டார், உன் வலது கை எங்கே போகிறது என்று. தோள்பட்டை வலி என்றேன். மூன்றாவது பொய்.

மார்ச் 5, புதன்

காற்று நின்றது. தலைவலி நிற்கவில்லை.

மதியம் லாஸ் கொலினாஸ் ஆபீஸ் பார்க்கிங்கின் மேல் தளத்தில் நூறு வெட்டு, வாளுக்குப் பதில் குடை. மாதா மாதம் வருகிற சூறாவளிச் சைரன் சோதனை இன்று. அது ஊளையிட்ட நேரம் முழுக்க நானும், தலையில் அடிக்கும்போது கூவ வேண்டிய “மென்!”-ஐத் தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதிலும் விழுந்திருக்காது. தாராபுரத்தில் வளர்ந்தவளுக்குக் கத்த ஊர்ச் சைரன் துணை வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை:
– இடது குதிகால் தரையில் படாமல்
– அடித்த பிறகு நிற்காமல் ஓடிக் கடப்பது
– தியாவின் டென்டிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் மாற்ற
– தோசை மாவு
– கை

இவ்வளவு ஏன் அலட்டிக்கொள்கிறேன்? முரளி நேற்றுக் கேட்டதற்கு மழுப்பிவிட்டேன். இங்கே வந்தது கல்யாணமாகி முரளியின் விசாவில். வேலை, அவர் நண்பர் ரெஃபர் பண்ணியது. அப்பார்ட்மென்ட், கார், தியாவின் பள்ளி எல்லாம் யாரோ பார்த்துச் சொன்னது. கெண்டோ ஒன்றுதான் நானாகத் தேடிப் போய்ச் சேர்ந்தது. அதிலும் தோற்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

வெயில். ஏசி போடலாமா ஹீட்டர் போடலாமா என்று தெரியாத ஊர்.

தியாவிடம் சொல்லிவிட்டேன். பதினோரு வயதுப் பெண்ணிடம்தான் முதல் உண்மை. விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவளே பயிற்சி வகுத்தாள்: அடுப்படியில் நான் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவள் பாதத்தை மிதிக்க வேண்டும், கரண்டியை விடக் கூடாது. இருபது தடவை. ஆறுதான் தேறியது. “அம்மா, யூ டிட் இட் அகெய்ன்,” என்று ஒவ்வொரு தடவையும் கணக்குச் சொன்னாள்.

முரளி லேப்டாப்பிலிருந்து தலை தூக்கினார். விஷயத்தைச் சொன்னேன், கணுக்கால் பொய்யையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க. மறக்கறதுக்குன்னு யாராச்சும் ப்ராக்டீஸ் பண்ணுவாங்களா புள்ள?”

ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு கருகிவிட்டது.

டோஜோவில் நல்ல வியர்வை. மிஸஸ் யூனின் காலை இரண்டு தடவை மிதித்தேன், வேண்டுமென்றே. கை நின்றது. உள்ளுக்குள் விரல் துடித்தது, ஆனால் நின்றது. அவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

மார்ச் 8, சனி

மேகம். மதியம் தமிழ்ப் பள்ளி. செருப்பு வைக்கும் இடத்தில் நெரிசல், ஒரு ஆன்ட்டியின் காலை நிஜமாகவே மிதித்துவிட்டேன். கை எங்கும் போகவில்லை. கம்பம் மாதிரி நின்று “சாரி ஆன்ட்டி” என்றேன். எனக்கு ஒரே குஷி.

நாலடி தள்ளிப் போய் ஆன்ட்டி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. “பாத்தீங்களா, இந்த ஊருக்கு வந்தா எல்லாம் போயிடுது.”

குஷி போய்விட்டது. ஓடிப் போய் விளக்கலாமா என்று பார்த்தேன். என்னவென்று விளக்குவது? மன்னிக்க வேண்டும் ஆன்ட்டி, மிதிக்கப் பயிற்சி எடுக்கிறேன் என்றா?

வீட்டில் கரண்டிப் பயிற்சி: பதினெட்டு. தியா ஹை-ஃபைவ் கொடுத்தாள். அவளுக்குக் கால் சிவந்திருந்தது, தேங்காய் எண்ணெய் தடவினேன்.

பை: உடை, கவசம், வாள் இரண்டு, தலைத்துணி, வாழைப்பழம், பேண்ட்-எய்ட், எழுத்துத் தேர்வுத் தாள். இரண்டு தடவை சரி பார்த்தேன், அப்புறம் மூன்றாவது தடவை.

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாள். இருந்த தூக்கத்திலும் ஒரு மணி போச்சு. ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒரு பள்ளி ஜிம். நல்ல குளிர், தரை பனிக்கட்டி.

வயது வரிசையில் நிறுத்துகிறார்கள். எல்லாம் காலேஜ் பிள்ளைகள். கடைசியில் நானும் மிஸஸ் யூனும், எனக்கு 16, அவருக்கு 17. ஒரே டோஜோ, ஒருவரோடு ஒருவர். இது எனக்குத் தோன்றாமலே போயிற்று. அவர் கூண்டுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலையசைப்பு.

ஆட்டம் சரியாக நினைவில்லை. என் சத்தம் கூரை வரை போனது நினைவிருக்கிறது, சைரன் இல்லாமலே. ஒரு நல்ல மென், அவர் உச்சந்தலையில். கை எங்கும் போகவில்லை.

சுவரில் எண்கள் ஒட்டினார்கள். 16 இருந்தது. 17 இல்லை. பட்டியல் 16-ஓடு முடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மிஸஸ் யூன் உட்கார்ந்து கவசத்தைத் துடைத்து மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து.

காரில் முரளி “முதல் டான் மேடம்” என்று கிண்டல். பின் சீட்டிலிருந்து தியா: “அம்மா, யூ ஸ்டெப்ட் ஆன் ஹெர். லைக், ரியலி ஹார்ட். அண்ட் யூ டிடின்ட் டூ த திங்.”

எப்போ என்றேன். நான் யாரையும் மிதிக்கவில்லை. சத்தியமாக இல்லை.

முரளி எடுத்த வீடியோ இருந்தது. பார்த்தேன். என் வலது கால் முழுப் பலத்தோடு அவர் இடது பாதத்தின் மேல். அவர் உடம்பு ஒரு கணம் மடங்கி நிமிர்கிறது. அடுத்து வேறொருவரோடு ஆடும்போது அவர் லேசாக நொண்டுகிறார். என் கை கல். கையை அடக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடக்க ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரியவே இல்லை.

வாங்கிக் கொடுத்த ஐஸ்க்ரீம் இறங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

வீடியோ பதினோரு தடவை. ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. காபி எடுக்க மூன்று தடவை எழுந்து மூன்று தடவையும் காபி இல்லாமல் திரும்பினேன்.

மிஸஸ் யூனுக்கு மெசேஜ் அடித்து அழித்தேன். பெரிதாக அடித்து அழித்தேன். சும்மா “கால் எப்படி?” என்று அடித்து, அதையும். போன் பண்ணு என்கிறார் முரளி. போனில் காலை எப்படித் தொடுவது?

காலைச் சாப்பாட்டில் மேஜைக்குக் கீழே தியாவின் பாதத்தில் என் கால் பட்டது. கை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. வரவில்லை. “ட்வென்ட்டி அவுட் ஆஃப் ட்வென்ட்டி,” என்றாள் அவள், சீரியலை மென்றபடி.

நானாகக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். நாடகம் மாதிரி இருந்தது. பயமாக இருக்கிறது. எதை வேண்டாம் என்று உதறினேனோ அது ஐந்தே நாளில் போயும் விட்டது.

மார்ச் 11, செவ்வாய்

மழை. சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

மிஸஸ் யூன் எனக்கு முன்பே வந்து தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வெறுங்கால். இடது கட்டைவிரலில் டேப், நகம் கறுத்திருந்தது. துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போன தேர்வு, கை, கூண்டு, மூன்று பொய், கரண்டி, வீடியோ. என் இங்கிலீஷ் பாதியில் தடுமாறியது.

பிறகு உட்கார்ந்து, அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நாடகம் மாதிரி இல்லை. அழுகை வந்துவிட்டது.

அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. தோற்றது தன் குதிகால் தரையில் ஒட்டியதால்தான் என்றார், நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் உட்கார வைக்கிற அதே குரலில். “அது என் தப்பு. அதையும் நீ எடுத்துக்கொண்டு போகாதே.”

அப்புறம் கேட்டார், இதை மிதித்த உடனே செய்ய வேண்டுமா, இரண்டு நாள் கழித்தும் செல்லுமா. தெரியவில்லை என்றேன். யாரும் கேட்டதில்லை.

“கூண்டைக் கட்டு,” என்றார்.

கட்டினேன். மூன்றாவது பிணைப்பில் என் பாதத்தின் மேல் நச்சென்று ஒரு மிதி, கறுத்த நகம் இருக்கிற காலாலேயே. சந்தேகமில்லை, வேண்டுமென்றே. உடனே அவர் வலது கை வாளை விட்டது. என் இடுப்பில் தொட்டது. நிதானமாக மேலே போய் அவர் கூண்டில் இடித்தது. டங்.

உச்சந்தலை முழுசாகத் திறந்து கிடக்கிறது. எப்போது வந்தாரோ, பின்னாலிருந்து டேல் அடி, அடி என்கிறார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம், கூண்டுக்குள் துடைக்க வழியில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ.

“மென்!” அடித்துக் கடந்து, ஓடித் திரும்பினேன்.

“லேட்,” என்றார் மிஸஸ் யூன்.