அம்மாவின் புதுக் குரல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஜலதோஷம் காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். ‘தான்’ போட்டிருக்கிறேனே என்று உடனே போனை எடுக்காதே, முழுசாகப் படி. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள், சிக்னல் சரியில்லை என்று சொல்லி நானும் வைத்துவிட்டேன். சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அவளுக்குப் பேசக் குரல் இல்லை. தொண்டையில் புதிதாக ஒன்றும் வரவில்லை, டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது என்றுதான் சொன்னார். நான் சொல்வது லேப்டாப்பை. தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு அம்மா தட்டச்சு செய்ய, அது பேச, அப்படித்தானே நம் கண்ணாடிக் கடை நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் குரல்தான் நின்றுபோனது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், நானும் உளறுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ படிக்கும்போது வாங்கிய லேப்டாப் அல்லவா, அதற்கும் வயதாகிவிட்டது. கம்பெனிக்காரன் இனிமேல் இந்தப் பழைய சிஸ்டத்துக்கு அப்டேட் கிடையாது என்று ஒவ்வொரு நாளும் திரையில் ஒரு பெட்டியைக் காட்டிப் பயமுறுத்திக்கொண்டிருந்தான். பயம் ஒருபக்கம் இருக்கட்டும், அது பேசுகிற அழகைப் பார்த்திருந்தால் நீயே சிரித்திருப்பாய். கடைக்கு ஒரு பெண்மணி வந்து, ஃபிரேமெல்லாம் பார்த்து, எதுவும் பிடிக்காமல் படியிறங்கிப் போன பிறகு லேப்டாப் “வாங்க, உட்காருங்க” என்றது. அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், அது வேறு விஷயம். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. கடையில் அவள் வாயால் வந்த வியாபாரம்தானே பாதி, நான் உள்ளறையில் லென்ஸ் தேய்க்கிறவன், மெஷினைவிட்டு வெளியே வந்தால் எனக்கு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. நீ புதுசு அனுப்புகிறேன் என்று சொன்னதையும் அவளிடம் சொன்னேன். இந்தப் பட்டன்கள் எங்கே இருக்கிறதென்று என் விரலுக்குத் தெரியும், புதுசு வந்தால் குருடி மாதிரி தடவ வேண்டும் என்று எழுதிக் காட்டிவிட்டாள். எழுத்தெல்லாம் தேய்ந்து மொட்டையாகிப்போன பட்டன்கள். அவள் பார்க்காமலே அடிப்பாள்.

அப்போதுதான் மாடிவீட்டில் குடியிருக்கிற லேப் டீச்சர், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர், கண்ணாடிக்கு மூக்கில் பதிகிற பேட் மாற்ற வந்த இடத்தில் இதைப் பார்த்துவிட்டு லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்தைப் போட்டுப் பார்க்கலாமே என்றார். அது ஒரு கம்பெனியின் சொத்து இல்லையாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்றும் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், பழைய மெஷினில்கூட லேசாக ஓடுமாம். வேண்டாமே என்று இழுத்தேன். ஓடுகிற வண்டியில் என்ஜினைக் கழற்றுகிற வேலை அல்லவா. அவர் பொறுமையாக, ஒரு பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுகிறேன், பிடித்தால் மட்டும் உள்ளே ஏற்றலாம் என்றார். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொன்னார். அம்மா சேமித்து வைத்திருக்கிற வாக்கியங்கள் எல்லாம் அப்படியே வந்துவிடும், ஆனால் அந்தக் குரல் பழைய சிஸ்டத்தோடு சேர்ந்தது, அது வராது, வேறு குரல்தான் வரும் என்று. நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் யோசிக்கவே இல்லை, “மாத்திடுங்க. வேகமாப் பேசினாப் போதும்” என்று அடித்தாள். அந்தப் பழைய குரல் கடைசியாகச் சொன்னது அதுதான் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை, அப்போதே கடையை மூடிவிட்டு உட்கார்ந்தோம். போட்டோக்கள், கடைக் கணக்கு, அம்மாவின் வாக்கியங்கள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் ஏற்றிச் சரிபார்த்து, பென்டிரைவில் ஒருதரம் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் டீச்சர் உள்ளே ஏற்றினார். நான் உட்காரவே இல்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கவுண்டருக்கும் உள்ளறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன், அம்மா ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்துவிட்டேன். வைஃபை பிடிக்கவில்லை, போனைக் கேபிளில் சொருகி அதன் வழியாக நெட் கொடுத்து அதையும் சரி பண்ணினார். திரை பளிச்சென்று வந்தது, தொட்டால் திறக்கிறது, தமிழும் அம்மா அடிக்கிற முறையிலேயே விழுகிறது. எனக்கு உயிர் வந்தது. பிறகு பேசுகிற புரோகிராமைப் போட்டார். அம்மா தன் பெயரை அடித்தாள்.

எப்படிச் சொல்வேன். தகர டப்பாவுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு மூக்கால் பேசுவது போல. ஆண் குரல். தமிழ்தான், ஆனால் எழுத்து எழுத்தாகக் கொட்டுகிற தமிழ். அம்மா இன்னொரு தரம் அடித்தாள், கேட்டாள், மெதுவாக மூடியைச் சாத்திவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். சரி என்று சொன்னவள்தான், ஆனால் சொல்வது வேறு, காதில் விழுவது வேறு இல்லையா. ஆபரேஷனில் ஒரு தடவை போனது, இப்போது இரண்டாவது தடவை. டீச்சருக்கு முகமே சுண்டிவிட்டது, அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். மறுநாள்தான் நீ கூப்பிட்டாய்.

அதற்கப்புறம் அம்மா கடைக்கு வரவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள், பேப்பர் கொடுத்தால் வாங்கமாட்டாள். எனக்குக் கடையிலும் இருப்புக் கொள்ளவில்லை, வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. யாரைப் பார்த்தாலும் அம்மா எங்கே என்கிறார்கள். ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினேன், எத்தனையோ வருஷத்தில் அப்படி ஆனதில்லை. பழையதையே திரும்பப் போட்டுவிடலாமா என்று டீச்சரைக் கேட்டேன், போடலாம், ஆனால் அம்மா சொல்லட்டும் என்றார். அது நியாயமாகப் பட்டது. லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். நான் வெளியே போய்விட்டு வந்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது. ஒருதரம் கீச்சென்று, ஒருதரம் கிணற்றுக்குள்ளிருந்து, ஒருதரம் ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரி. டீச்சர் பக்கத்தில் இல்லை. அவளாகவே எங்கேயோ போய் வேகத்தை, ஏற்ற இறக்கத்தை, பெண் குரலை எல்லாம் தேடிப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். வார்த்தைக்கு நடுவே எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக்கூட ஏதோ புள்ளி கமா போட்டு வழி கண்டுபிடித்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னாள்.

வியாழக்கிழமை கவுண்டரில் வந்து உட்கார்ந்தாள். நல்ல நேரம் பார்த்து நம் அவசரக்காரர் வந்தார், எந்தக் கண்ணாடி கொடுத்தாலும் குறை சொல்வாரே, அவர்தான். புதுக் கண்ணாடி போட்டால் படிக்கட்டு அலையலையாகத் தெரிகிறது, லென்ஸே தப்பு என்று நின்றார். அம்மா அடிக்க ஆரம்பித்தாள். அவர் எப்போதும் போல அவள் முடிக்குமுன் தானே முடித்தார், என்ன சொல்லப்போறீங்க, பழகிடும்னுதானே என்றார், என் பக்கம் திரும்பி நீங்க சொல்லுங்க என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அந்தத் தகரக் குரல் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னது:

“நான் இன்னும் முடிக்கலை.”

பழைய குரல் கொஞ்சிக் கொஞ்சிப் பேசும், அதில் இந்த வார்த்தை எடுபட்டிருக்காது. இதில் எடுபட்டது. அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, சொல்லுங்கம்மா என்றார். படியிறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தாடையையும் தாழ்த்திப் பாருங்கள், லென்ஸின் அடிப்பக்கம் படிக்கிறதுக்கு, அது வழியாகத் தரை பார்த்தால் அப்படித்தான் ஆடும் என்று நிதானமாகச் சொல்லி, எழுப்பி, நம் கடைப் படியிலேயே இறங்கி ஏறவைத்தாள். அவர் போன பிறகு உள்ளே வந்து என் மெஷினை அணைத்துவிட்டு, போய்க் குடிக்க ஏதாவது வாங்கிக்கொண்டு வரச்சொல்லிக் கையால் காட்டினாள். போனேன். தெருமுனை வரை போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

இந்தக் குரல் இன்னும் எனக்குப் பழகவில்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். காலையில் அது என்னை எழுப்பும்போது யாரோ தெரியாத பெண் வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று ஒரு நொடி தூக்கிவாரிப் போடுகிறது. அம்மா அதற்கும் ஏதோ திருகிப் பார்க்கிறாள். டீச்சர் இதைச் சரிசெய்கிற ஆட்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், தமிழ் உச்சரிப்பில் என்ன தப்பு என்று நாம் எழுதி அனுப்பலாம் என்றாராம். ‘ழ’ ஒழுங்காக வரவில்லை என்று அம்மா முதல் புகாரைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறாள், நீயும் பார்த்துக் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவருக்கும் எப்போதும் உள்ள நினைப்பு. மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசும்போது அந்தக் குரலைக் கேட்டு முகம் மாறாதே, மாறினாலும் சீக்கிரம் சரி பண்ணிக்கொள். அவள் அடிக்கிற வரைக்கும் பேசாமல் இரு. என்ன சொல்ல வருகிறாள் என்று உனக்குத் தெரிந்திருந்தாலும் இரு. நானும் இப்போதுதான் பழகுகிறேன்.

உன் அன்பு
அப்பா