இனம் என்ற கட்டத்தில் எழுதியது

வட்டகொடை
14.09.2025

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

கடவுள் கிருபையால் எனக்குக் கை கால் சுகம். நீயும் மருமகனும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். போன கிழமை போனில் இருமினாய். விண்ணிப்பெக்கில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடி, மாத்திரையை மட்டும் நம்பாதே. போன் இருக்க ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். நீ சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய், நான் பாதி சொல்வதற்குள் கேட்குதா அம்மா என்கிறாய். இந்த விஷயத்தைக் கத்திச் சொல்ல என்னால் முடியாது. பேரன் பக்கத்தில் இல்லாத நேரம் உட்கார்ந்து வாசி.

இங்கே ஒரு மாதமாக மழை. பின்பக்கத்து அறைக் கூரையில் தகரம் ஒன்று தூக்கிக்கொண்டது, ஆள் வருகிறேன் என்று சொல்லி மூன்று தடவை வரவில்லை. கோச்சி எத்தனை நிமிடம் தாமதம் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு முன்னால் எனக்குத் தெரிகிறது, அவ்வளவு வேலை எனக்கு. போன மாதம் முழுவதும் என் கதவைத் தட்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மின்சார மீட்டர் பார்க்கிறவர். மற்றவள் ராசம்மா. உன் அப்பா பெரிய கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், உனக்கு நினைவிருக்காது. அவளுடைய மகள் நிலக்ஷிக்குப் பேராதனையில் விவசாயம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை.

தோட்டப் பிள்ளைகளின் மேற்படிப்புக்காகத் தலவாக்கலையில் நாங்கள் நடத்தும் உதவி நிதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். மக்பூலின் புடவைக் கடை மாடியில் கூடுவோம். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் முத்துலிங்கம் தலைவர், மக்பூல் பொருளாளர், விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது நான். டவுன் கடைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையும் தோட்டப் பிள்ளைகள் என்று எழுதிக் கொடுக்கத் தொடங்கியதால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விதி கொண்டுவந்தேன். தோட்டத்து ஆட்களின் வம்சம் இந்தியாவிலிருந்து வந்தது என்பதால், பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் இந்தியத் தமிழர் என்று இருந்தால் மட்டும் உதவி. வேறு கடிதம் வேண்டாம், நேர்முகமும் வேண்டாம். நிலக்ஷியின் சான்றிதழில் அந்தக் கட்டத்தில் யாழ்ப்பாணத்தாருக்குப் போடுவது போல இலங்கைத் தமிழர் என்று இருந்தது. நான்தான் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன்.

ராசம்மா அந்தச் சான்றிதழ்க் கடதாசியைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் வந்தாள். உள்ளே வா என்றேன், வாசற்படியைத் தாண்டவில்லை. எங்க சீயான் பாட்டன் காலத்துலயிருந்து தோட்டத்துலதான் கெடக்கோம், நாங்க தோட்டத்து ஆளுங்க இல்லன்னா பின்ன யாருங்கம்மா என்று கேட்டாள். இதை நம்ம பெரிய கிளாக்கரய்யாதான் எழுதிக் குடுத்தாருங்க, அவரு எழுதுனது தப்பாவா இருக்கும் என்றாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அது அப்பா எழுதியதுதான். ஆனால் எழுதச் சொன்னது நான். அந்தக் காலத்தில் பிறப்புப் பத்திரங்கள் நம் குவாட்டர்ஸ் மேசைக்குத்தான் வரும். இலங்கைத் தமிழர் என்று போடுங்கள், இந்தப் பிள்ளைகளில் ஒன்றையாவது எவனும் இந்தியாவிலிருந்து வந்த கள்ளத்தோணி என்று சொல்லாமல் இருக்கட்டும் என்றேன். உமக்கென்ன விசரோ, நாளைக்கு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது என்று அப்பா சத்தம் போட்டார். பிறகு எழுதினார். அப்படி எத்தனை பிள்ளைகளுக்கு எழுதினார் என்று எனக்கே கணக்கில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து உதவி கேட்டு வந்தபோது அதே எழுத்தைக் காட்டி நானே வாசலை அடைத்திருக்கிறேன். விதியை எழுதும்போது இது என் நினைவுக்கு வரவே இல்லை என்றால் நீ நம்புவாயா?

நீ அங்கே ஆதிக்குடி மாணவர்களுக்கு உதவிப் பணம் கொடுக்கும் பிரிவில் இருப்பதால் உனக்கு இது விளங்கும். போன மார்கழியில் நீ சொன்ன அந்தப் பெண்பிள்ளையை நினைத்தேன். வெள்ளைக்காரனைக் கட்டினாள் என்று அவளுடைய பாட்டியின் பெயரை அரசாங்கம் பதிவிலிருந்து வெட்டிவிட்டதாம், அதனால் பேத்தியிடம் காட்ட ஆதிக்குடி அட்டை இல்லையாம், கடைசியில் அவள் இனத்துப் பெரியவர்கள் இவள் எங்கள் பிள்ளை என்று கடிதம் கொடுத்ததை உங்கள் பிரிவு ஏற்றுக்கொண்டது என்று சொன்னாய். அன்றைக்கு நான் உம் கொட்டிவிட்டு முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினேன். ஆனால் ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே போல இங்கேயும் சாட்சிக் கடிதத்தை ஏற்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன். முத்துலிங்கம் சிரித்துவிட்டார். விதியையும் நீங்களே போட்டுட்டு சாட்சியும் நீங்களே சொல்றீங்களா, சாட்சின்னா அந்தச் சனத்துல ஒருத்தர் சொல்லணும், நீங்க யாழ்ப்பாணத்து அம்மா, உங்க சொல்லு இதுல செல்லாதுங்களே என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

சுதர்ஷினி, நான் யாழ்ப்பாணத்தவள் அல்ல. மாத்தளையில் இருந்த யாழ்ப்பாணக் குடும்பம், எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாரும் சிதறிப்போனார்கள் என்று உனக்குச் சொன்னதெல்லாம் நான் கட்டிய கதை. நான் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஏழாம் நம்பர் லயத்தில் பிறந்தேன். என் அப்பா வீரய்யா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினவர், அம்மா கொழுந்து எடுத்தவள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது உண்மை. ஆனால் இலவச இடத்தில் படித்தேன். வருடத் தொடக்கத்தில் இலவசப் பிள்ளைகளின் பெயர்களை வகுப்பில் வாசிப்பார்கள், பெயர் கேட்டவள் எழுந்து நிற்க வேண்டும், பட்டியல் முடியும்வரை உட்காரக் கூடாது. பத்து வருடம் நின்றேன். கணக்கிலும் ஆங்கிலத்திலும் முதலாவதாக வந்த வருடமும் நின்றேன். நேர்முகம் வேண்டாம், கடதாசி மட்டும் போதும் என்று நான் விதி போட்டது அதனால்தான். ஒரு பிள்ளையும் யார் முன்னாலும் நின்று தன் ஏழ்மையைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். கடதாசி அதைவிடப் பொல்லாதது என்று தெரியாமல் போய்விட்டது.

உன் சான்றிதழில் பிழை இல்லை, உன் அப்பா யாழ்ப்பாணம்தான். எல்லாம் தெரிந்துதான் என்னைக் கட்டினார், தன் வீட்டாருக்கு மட்டும் சொல்லவில்லை. அதில் தொடங்கியது, பிறகு விட முடியவில்லை.

போன சனிக்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். வாயாலும் சொன்னேன். உட்கார்ந்தபடியே சொன்னேன், எழுந்து நிற்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். முதலில் மக்பூல்தான், நாப்பது வருசமா யாழ்ப்பாணத்து அம்மான்னு பயந்துல்ல உங்களுக்கு விலை கொறைச்சேன், அந்தக் கழிவையெல்லாம் திருப்பித் தாங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவருக்கு ஆண்டவன் நல்ல ஆயுசைக் கொடுக்கட்டும். முத்துலிங்கம் சிரிக்காமல் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, ஏற்கப்பட்டது என்று போட்டார். நிலக்ஷிக்கு நாலு வருடத்துக்கும் உதவி கிடைக்கும்.

ஆனால் போன வருடம் இதே காரணத்துக்காக நான் திருப்பிய சர்மிளா என்ற பிள்ளையைப் பற்றியும் கேட்டேன். அவள் பல்கலைக்கழக இடத்தை விட்டுவிட்டுக் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாளாம். அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு தரம் கிழித்து எழுதியும் முதல் வரி சரியாக வரவில்லை.

நிலக்ஷியின் செய்தியைச் சொல்ல நானே லயத்துக்குப் போனேன். ராசம்மா ஓடிப்போய்ப் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வாங்கி வந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். அவர்கள் எல்லாரும் கீழே படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். நானும் இப்படி ஒரு லயத்தில் பிறந்தவள்தான் என்று சொன்னேன். சும்மா சொல்லாதீங்கம்மா என்று சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அப்படியும் நாற்காலியை விட்டு இறங்கி வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் இறங்கத் தெரியவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். இந்தப் பக்கம், வெள்ளிக்கிழமை என்னோடு கோயிலுக்கு வரும் யாழ்ப்பாணத்து ஆசிரியை அம்மாமார் இரண்டு பேரும் இந்த வெள்ளி வரவில்லை. மழை என்று சொன்னார்கள், மழைதான் பெய்தது.

இனி நான் கேட்பது ஒன்றுதான். எனக்கு ஐந்து வயது இளையவளாக ஒரு தங்கச்சி இருந்தாள், பெயர் சண்முகவடிவு. உனக்குச் சின்னம்மா. எழுபத்து நான்கில், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பெயர் வந்து என் அப்பா, அம்மா, அவள் மூன்று பேரும் இந்தியாவுக்குப் போனார்கள். நானுஓயாவில் ஏறினார்கள், வழியனுப்ப வா என்று ஆள் அனுப்பினார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோச்சி வட்டகொடையைத் தாண்டித்தான் போயிருக்கும். நீலகிரியில் கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் இரண்டு கடிதம் போட்டாள். முதலாவதற்கு நான்கு வரி எழுதினேன், இரண்டாவதற்கு எழுதவே இல்லை. உனக்குத்தான் கம்ப்யூட்டரில் ஆள் தேடத் தெரியும். வீரய்யா மகள் சண்முகவடிவு, இடது புருவத்தில் வெட்டுக்காயம், இருந்தால் எழுபத்திரண்டு வயது. அவள் இல்லையென்றால் அவள் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். கண்டுபிடித்தால் என் விலாசத்தைக் கொடு. அவர்கள் கேட்டால் மட்டும் கொடு.

கோபம் வந்தால் வரட்டும், ஆனால் பேசாமல் இருந்துவிடாதே. பேரனுக்கு எப்போது சொல்வது என்று உனக்குத் தெரியும். இருமலைக் கவனி, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
பாக்கியவதி கணேசமூர்த்தி